இன்னொசென்ட்னா ஒண்ணும் தெரியாதவங்களா?

சார், வணக்கம். பையனோட பாடத்துல 'இன்னொசென்ட்'னா சூதுவாது தெரியாதவங்கன்னு போட்டிருக்கு, நியூஸ்ல பாத்தா நிரபராதிங்குறாங்க. வேர்ச்சொல்லே 'அறியாமை'ன்னு என் ஃப்ரெண்ட் சொல்றா. உண்மையா?
- கும்பகோணத்துலேர்ந்து ஒரு வாசகி

வணக்கம்மா. ரெண்டு அர்த்தமும் புழக்கத்துல இருக்கு, ஆனா வேர்ல அறியாமையே கிடையாது. லத்தீன்ல 'நோகேரே'ன்னா தீங்கு பண்றது, முன்னாடி 'இன்' சேர்ந்தா தீங்கு பண்ணாத ஆளு, அவ்ளோதான். பழைய பிரெஞ்சு வழியா 14ஆம் நூற்றாண்டுல இங்கிலீஷுக்கு வந்துச்சு. நாம தினம் சொல்ற 'நியூசன்ஸ்'கூட இதே வேர்லேர்ந்து வந்ததுதான்.

அப்புறம் தெரியாதவங்கங்குற அர்த்தம் எப்படின்னா, குழந்தைங்களாலதான்னு நினைக்கிறேன். ஏரோது ராஜா பெத்லகேம்ல கொன்னதா பைபிள்ல மத்தேயு எழுதுற பச்சப்புள்ளைங்களை சர்ச்சுல இன்னொசென்ட்ஸ்னுதான் சொல்வாங்க, டிசம்பர் 28 அவங்க நாள், நம்ம ஊர் கத்தோலிக்கர்கள் மாசில்லாக் குழந்தைகள் விழான்னு சொல்வாங்க. குழந்தைக்கு கெடுதல் பண்ணத் தெரியாது, அப்படியே சூதுவாது தெரியாதவங்க, கடைசில புத்தி மட்டானவங்கன்னு அர்த்தம் இறங்கிக்கிட்டே போயி ஷேக்ஸ்பியர் காலத்துலயே அங்க வந்து நின்னுடுச்சு. எனக்கு அது வருத்தம்தான், யாருக்கும் கெடுதல் நினைக்காதவங்களை ஏமாளிங்குற மாதிரி இருக்கு.

கோர்ட் விஷயம்தான் முக்கியம். இங்கிலாந்துல ஜூரி, அதாவது கேஸைக் கேட்டு தீர்ப்பு சொல்ற பொதுமக்கள் குழு, 'இன்னொசென்ட்'னு தீர்ப்பு சொல்றதில்ல, 'நாட் கில்ட்டி'ன்னுதான் சொல்லும், ஏன்னா குத்தம் சாட்டப்பட்டவர் நிரபராதின்னு வச்சுக்கிட்டுதான் கேஸே ஆரம்பிக்குது, அதை அவர் நிரூபிக்க வேண்டியதே இல்ல. 1935ல வுல்மிங்டன்னு 21 வயசு பண்ணைத் தொழிலாளி, மனைவியை சுட்டுக் கொன்னதா தூக்குத் தண்டனை ஆயிடுச்சு, துப்பாக்கி தவறுதலா வெடிச்சுதுன்னு அவர் சொல்றாரு, ஜட்ஜோ அதை அவர்தான் காட்டணும்ங்குற மாதிரி ஜூரிகிட்ட சொல்லிட்டாரு. அப்பீல் அப்ப அங்க உச்ச நீதிமன்றமா இருந்த ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் வரைக்கும் போச்சு, அங்க நீதிபதி சாங்கி பிரபு குத்தத்தை நிரூபிக்கிற பொறுப்பு அரசுத் தரப்போடதுன்னு தெளிவா சொல்லி தண்டனையை ரத்து பண்ணினாங்க, ஆளு பொழச்சாரு.

இவ்வளவு தெரிஞ்சப்புறம், விடுதலையானவரைப் பத்தி டிவில 'தப்பிச்சார்'னு போடுறப்ப எனக்கு உண்மையிலேயே கோவம் வருது. பையன் கேட்டா, தீங்கு பண்ணாதவங்கங்குற அர்த்தத்தை முதல்ல சொல்லிக் குடுங்கம்மா.