ரப்பர் வளையமும் ஒரு லட்ச ரூபாய் பில்லும்

கேள்வி: கோவையில் ஒரு வியாபாரியிடம் 2011 மாடல் மெர்சிடிஸ் எம்.எல். 350 சி.டி.ஐ. பார்த்து வைத்திருக்கிறேன். 1,12,000 கி.மீ. ஓடியிருக்கிறது. தில்லியில் பதிவான வண்டி, இப்போது தமிழ்நாட்டு எண். 8 லட்சம் சொல்கிறார். மாதம் இரண்டு தடவை குடும்பத்தோடு ஊட்டி போய் வருவதுதான் அதற்கு வேலை. எதெல்லாம் பழுதாகும், எவ்வளவு செலவாகும், வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் வண்டிக்கு 8 லட்சம் கொடுத்துவிட்டுப் பையைக் காலி செய்துகொண்டு வரக்கூடாது. முதல் வருடத்துக்கென்று தனியாக இரண்டரை, மூன்று லட்சம் ஒதுக்க முடிந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

டபிள்யூ 164 என்று மெக்கானிக்குகள் சொல்லும் இந்தத் தலைமுறை எம்.எல். 2005 முதல் 2011 வரை வந்தது. உங்களுடையது கடைசி வருடத்து வண்டி, அதனால் ஆரம்பகால வண்டிகளின் சில கோளாறுகள் இதில் இருக்காது. உள்ளே இருப்பது ஓ.எம். 642 என்ற 3 லிட்டர் வி6 டீசல் இன்ஜின். பிஸ்டன், கிராங்க் எல்லாம் இரும்புத் தேகம். சரியாக ஆயில் மாற்றி வந்தால் மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு அசையாது. இந்த வண்டியில் முதலில் போவதெல்லாம் சில்லறைச் சாமான்கள்தான். அவை போகும்போது பக்கத்தில் இருக்கிற விலை உயர்ந்ததைக் கையோடு கூட்டிக்கொண்டு போகும்.

முதலில் ஆயில் கூலர். இரண்டு வரிசை சிலிண்டர்களுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்கு அடியில் அது உட்கார்ந்திருக்கிறது. அதன் கீழே இரண்டு ரப்பர் சீல். கம்பெனி முதலில் போட்டது ஆரஞ்சு நிறம். சூட்டில் வெந்து வெந்து பிளாஸ்டிக் மாதிரி இறுகி, ஆயிலை விட்டுவிடும். பின்னால் வந்த ஊதா நிறச் சீல் சூடு தாங்கும். இரண்டும் சேர்ந்தே சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆனால் அதைத் தொட வேண்டுமானால் டர்போ, சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுகள் எல்லாம் இறங்க வேண்டும். கை தேர்ந்தவருக்கே இரண்டு நாள் வேலை. வெளி ஒர்க்‌ஷாப்பில் 50,000 முதல் 70,000 வரை கேட்பார்கள், அது நியாயமான கூலிதான்.

இதில் ஒரு கண்கட்டு வித்தை உண்டு. மேலே கசியும் ஆயில் பள்ளத்தின் பின்பக்கமாக வழிந்து, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் கீழே சொட்டும். படுத்துப் பார்ப்பவர், கிராங்க்கின் பின் சீல் போய்விட்டது என்று சத்தியம் செய்வார். என்னிடம் வந்த ஒரு வண்டிக்கு வேறொரு இடத்தில் கியர்பாக்ஸையே இறக்கி அந்தச் சீலை மாற்றியிருந்தார்கள். ஒரு மாதத்தில் அதே இடத்தில் அதே சொட்டு. சின்னக் கேமராவை மேலிருந்து பள்ளத்துக்குள் விட்டுப் பார்த்தால், குளம் கட்டி நின்றது. பத்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் கியர்பாக்ஸுக்கு ஸ்பேனர் எடுப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது இன்டேக் மோட்டார். டர்போவின் வாயில் காற்றுக் குழாய் சேரும் இடத்தில் ஒரு வளையச் சீல் இருக்கிறது. இன்ஜின் மூச்சுவிடும் ஆயில் ஆவி அந்த வழியாகத்தான் வரும். சீல் தளர்ந்தால் ஆயில் துளித்துளியாகக் கீழே விழும். நேர் கீழே இருப்பது இன்டேக் கதவுகளை அசைக்கும் மின் மோட்டார். அது ஆயிலில் ஊறிச் செத்தால் செக் இன்ஜின் விளக்கு எரியும், வண்டி இழுக்காது. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது இது நடந்தால் பின்னால் பஸ்காரர் ஹாரனை விட்டுக் கையை எடுக்கமாட்டார். மோட்டார் மட்டுமே 25,000 முதல் 40,000 வரை. அது இருக்கும் இடத்தைப் பார்த்தால் ஆயில் கூலர் வேலையோடு சேர்த்து மாற்றுவதே புத்தி, இரண்டு முறை கழற்றும் கூலி மிச்சம். மோட்டாரைக் கழற்றிவிட்டு ஒரு ரெசிஸ்டரைச் சொருகி விளக்கை அணைக்கும் வேலையும் நடக்கிறது. விற்கப்போகிற வண்டியில் இதைச் செய்திருப்பார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு அடியில் உள்ள செப்பு வாஷரும் இந்த வகைதான். கசிந்தால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘சிக் சிக்’ என்று சத்தம் வரும், இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கருப்பாகப் படியும். ஆரம்பத்திலேயே பார்த்தால் செலவு சில ஆயிரம். விட்டுவிட்டால் இன்ஜெக்டர் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும், பிடுங்குவதற்குள் உயிர் போய்விடும்.

ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் இருக்கிற வண்டியா என்று முதலில் கேளுங்கள், எல்லா எம்.எல்.லிலும் கிடையாது. இருந்தால் முன் ஸ்ட்ரட்டுகளில், அதாவது முன் சக்கரங்களுக்கு மேலே இருக்கும் காற்றுத் தூண்களில், ரப்பர் மடியும் இடத்தில் வெடிப்பு விடும். காற்று மெல்ல இறங்கும், கம்ப்ரஸர் அதை ஈடுகட்ட ஓடிக்கொண்டே இருக்கும், கடைசியில் அதுவும் கருகும். வெளிக் கம்பெனி ஸ்ட்ரட் ஒன்று 40,000 முதல் 60,000 வரை, ஒரிஜினல் என்றால் லட்சத்தைத் தாண்டும். கம்ப்ரஸர் 40,000-க்குப் பக்கம். ஒரு ஸ்ட்ரட் போனதும் மாற்றினால் கம்ப்ரஸர் பிழைக்கும். ‘இன்னும் ரெண்டு மாசம் ஓட்டலாம்’ என்றவர்களே மூன்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருக்கிறார்கள்.

ஏழு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி நல்ல பெட்டி. உள்ளே ஆயிலில் மூழ்கியிருக்கும் எலக்ட்ரானிக் தட்டுதான் அதன் பலவீனம். அதில் சென்சார் போனால் ஒரே கியரில் மாட்டிக்கொள்ளும். புதுத் தட்டு, கோடிங் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல். இந்தத் தட்டு ஒவ்வொரு வண்டிக்கும் தனியாகப் பதிவாவது, சென்னைப் புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் கழற்றிய தட்டை வாங்கி அப்படியே மாட்டலாம் என்று கனவு காணாதீர்கள். கியர் ஆயில் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியதற்கு பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் சன்ரூஃப். அதன் வடிகால் குழாயில் இலையும் தூசும் அடைத்தால் மழைநீர் கால்மிதிக்கு அடியில் தேங்கும், அங்கே ஓடும் வயர்களும் கனெக்டர்களும் பச்சை பூக்கும். நான்கு பக்கமும் கார்பெட்டை அழுத்திப் பாருங்கள், கை ஈரமானால் விலை பேசாமல் வந்துவிடுங்கள். வயரிங் கோளாறுக்கு மட்டும் நான் யாருக்கும் தொகை சொல்வதில்லை.

வழக்கமான செலவு பயமுறுத்தாது. இன்ஜின் ஆயில் சுமார் எட்டரை லிட்டர், மெர்சிடிஸின் 229.51 தரம். ஃபில்டர்களோடு ஒரு சர்வீஸ் 20,000-க்குள் முடியும். நான்கு டயர் 60,000 முதல் 80,000. மேலே நான் சொன்ன தொகைகள் வெளி ஒர்க்‌ஷாப்புக்கு என் தோராயக் கணக்கு, கம்பெனி சர்வீஸ் சென்டரில் பல வேலைகள் இரட்டிப்பாகும்.

தில்லி வண்டி என்பதில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகள் அங்கே ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவிட்டது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அங்கே மலிந்தது இங்கே வந்தது, அவ்வளவுதான். அதில் தப்பில்லை. ஆனால் வயது முதல் பதிவிலிருந்து எண்ணப்படும், 2011 வண்டிக்கு 2026-ல் ஆர்.சி. காலம் முடிகிறது. புதுப்பிக்கும் செலவை யார் தலையில் கட்டுவது என்று இப்போதே பேசுங்கள். ஆர்.சி.யில் இறக்குமதி வாகனம் என்றிருந்தால் அந்தக் கட்டணமே பல மடங்கு அதிகம்.

சரி, போய்ப் பார்க்கும்போது என்ன செய்வது? முந்தைய நாள் சாயங்காலம் போங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து, போனில் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் அப்படியே விடச் சொல்லுங்கள். காலையில் மறுபடியும் அளந்து பாருங்கள். ஒரு விரல் அகலத்துக்கு மேல் எந்த மூலை இறங்கியிருந்தாலும் அந்த ஸ்ட்ரட்டின் விலையைக் கழித்துக்கொள்ளலாம். குளிர்ந்த இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்து கேளுங்கள், அப்புறம் ஸ்கேனர் வைத்திருக்கும் ஒருவரைக் கூட்டிப்போங்கள். ஸ்கேனில் ஒரு கோளாறும் இல்லை, எல்லாம் நேற்றுத்தான் அழிக்கப்பட்டிருக்கிறது என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

ஆயில் கூலர் வேலை முடிந்ததற்கு பில் இருந்தால் ஏழு, ஏழேகால் வரை போகலாம். இல்லையென்றால் ஆறுக்கு மேல் நான் பேசமாட்டேன். ராத்திரி வண்டியை அப்படியே விட்டு வைக்க அவர் சம்மதிக்கவில்லை என்றால் டேப்பை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.