பாட்டியின் 555 புத்தகத்தை வீசிவிடாதீர்கள்

கேள்வி: எங்கள் பாட்டி 88 வயதில் காலமாகிவிட்டார். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) ஏழு பிள்ளைகளை வளர்த்தவர். முதலாண்டு திவசத்துக்குச் சின்னதாக ஒரு நினைவு மலர் போட நினைக்கிறோம். "வீட்டைப் பார்த்துக்கொண்டவர்தானே, எழுத என்ன இருக்கு?" என்கிறார் மாமா. எங்கே தொடங்குவது?

பதில்: அன்புச் சகோதரி, பாட்டியின் பீரோவில் தொடங்குங்கள். சேலைகளுக்கு அடியிலும் பழைய பிஸ்கட் டின்னுக்குள்ளும் பாருங்கள். மளிகைக் கடைக் கடன் எழுதிய 555 என்ற சின்னக் குறிப்புப் புத்தகம், அடகுக்கடை ரசீது, சீட்டுக் கணக்கு என்று ஏதாவது கிடைக்கும். வீட்டை ஒதுங்க வைக்கும்போது குப்பைக்கு முதலில் போவது இவைதான். ஒரு மாதத்துப் பக்கத்தை அப்படியே படமெடுத்து மலரில் போடுங்கள். அரிசிக்கும் கருவாட்டுக்கும் எவ்வளவு, சம்பளத்தன்று எத்தனை வெள்ளி அடைத்தார், எவ்வளவு பாக்கி நின்றது என்று பக்கத்திலேயே விளக்குங்கள். பழைய பக்கங்களில் காத்தி என்று இருந்தால் அது பழைய நிறுத்தல் அளவு, சுமார் 600 கிராம். கிலோவாக மாற்றாமல் அப்படியே விடுங்கள். "அன்பே உருவானவர், பொறுமையின் சிகரம்" என்று எழுதினால் எந்த வீட்டுப் பாட்டிக்கும் அது பொருந்திவிடும். ஒரே சம்பளத்தில் ஒன்பது பேருக்குச் சோறு போட்ட கணக்கு உங்கள் பாட்டியுடையது மட்டும்தான். மாமாவுக்கும் அதைக் காட்டுங்கள்.

அடுத்தது கைப்பக்குவம். பெரியம்மாவிடம் போனில் கேட்டால் "கொஞ்சம் மிளகாய், ஒரு பால் டின் அரிசி" என்றுதான் வரும். நேரில் போய்ச் சமைக்கச் சொல்லுங்கள். மசாலா டப்பாவை அவர் அள்ளுவதற்கு முன்பும் பின்பும் தராசில் வையுங்கள், வித்தியாசம்தான் அளவு. அவர் கையை நிறுத்தி அளக்கச் சொன்னால் பழக்கமான அளவு மாறிவிடும். பால் டின்னில் தண்ணீர் நிரப்பி, எத்தனை மில்லி பிடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடையாள அட்டையில் உள்ள பிறந்த தேதியை அப்படியே நம்ப வேண்டாம். தோட்டங்களில் தாமதமாகப் பதிந்தவர்கள் நிறையப் பேர். தேதி உத்தேசமாக இருக்கலாம். பெயரும் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருக்கும். வீட்டில் கூப்பிட்ட பெயரைத் தலைப்பாகவும் அட்டைப் பெயரைச் சின்னதாகவும் போடுங்கள். வருடம் கேட்டால் பெரியவர்களுக்கு நினைவு வராது, சம்பவம் கேட்டால் வரும். 1948 ஜூன் 16-இல் உங்கள் வட்டாரத்தில் மூன்று தோட்டத் துரைகள் சுடப்பட்டு, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் வந்தது. 1960 வரை நீடித்தது. "அவசரகாலத்தில் குடியிருப்பைச் சுற்றி முள்வேலி போட்டபோது வீடு மாறினீர்களா? அப்போது பாட்டிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?" என்று கேளுங்கள். பதிவு செய்யும்போது காற்றாடியை நிறுத்திவிட்டு, போனை மடித்த துண்டின் மேல், பேசுபவருக்கு ஓரடி தூரத்தில் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் கை தட்டுப்படும் ஒவ்வொரு முறையும் இடி மாதிரி விழும்.

படங்கள்: ஒட்டும் ஆல்பத்தில் பிடித்துக்கொண்ட படத்தை உரிக்காதீர்கள், மேல்தோல் கிழிந்துவிடும். பல்லிடுக்கு நூலைப் பின்பக்கமாக மெல்ல அறுத்துக்கொண்டு போங்கள். நம் ஊர் ஈரத்தில் சட்டக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படம் என்றால், கண்ணாடியோடே ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்தில், 600 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் எடுங்கள். இரண்டுக்கு மூன்று அங்குலப் படம் அப்போது நாலுக்கு ஆறாகத் தெளிவாக அச்சாகும். படத்தில் இருப்பவர் பெயர்களைப் பின்னால் மென்மையான பென்சிலில் எழுதுங்கள். பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும்.

நடுவில் பின் அடிக்கும் மலருக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக வேண்டும். 16 போதும். அச்சகத்துக்கு எழுத்துரு பதித்த பி.டி.எஃப். கொடுங்கள், இல்லையென்றால் கொ, கோ எல்லாம் உடைந்து வரும். மாதிரிப் பிரதியைப் பெரியம்மாவிடம் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள். முறைப் பெயர் தப்பியிருந்தால் அவர்தான் உடனே பிடிப்பார்.