பிரிக்காத பாக்கெட்டைத் தொடாதீர்கள்

கேள்வி: நுங்கம்பாக்கத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வெளிநாட்டு மக்காச்சோள சிப்ஸ் வாங்கினேன். அன்று ராத்திரியே என் ஆறு வயது மகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. மீதி இருந்த சிப்ஸைத் தனியார் ஆய்வகத்தில் கொடுத்தேன். மரபணு மாற்றம் இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. பாக்கெட்டில் அதைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. கேட்கப்போனால் கடைக்காரர் மரியாதையில்லாமல் பேசினார். மனம் கொதித்து, கம்பெனி பெயரைச் சொல்லி, 'இது விஷம், குழந்தைகளுக்குப் புற்றுநோய் வரும்' என்று வீடியோ போட்டேன். இப்போது இறக்குமதி செய்த கம்பெனி 50 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. 15 நாளில் பதில் வேண்டுமாம். மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காயையே நிறுத்திவைத்த நாடு இது. உண்மையைச் சொன்ன நான் ஏன் பயப்பட வேண்டும்? இவர்கள் மேல் எப்படி வழக்குப் போடுவது?
– பெரம்பூர் வாசகர் (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தில் சட்டத்துக்குப் பயன்படுகிற வரி ஒன்றுதான். கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில், "அதே பில்லில் வாங்கிய இன்னொரு பாக்கெட் பிரிக்காமல் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வழக்கு அந்தப் பாக்கெட்தான். அதைப் பிரிக்காதீர்கள், இன்னொரு தனியார் ஆய்வகத்துக்கும் அனுப்பாதீர்கள். பில்லோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள். பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் தெரிகிற மாதிரி இன்றே போட்டோ எடுங்கள்.

கடைக்காரர் பேசியது வழக்காகாது. மகளுக்கு வந்த தடிப்புக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய மருத்துவச் சீட்டில் "உணவு ஒவ்வாமையாக இருக்கலாம்" என்றுதான் இருக்கிறது. சிப்ஸில் சீஸ் பவுடர், மசாலா எல்லாம் உண்டு. எதனால் வந்தது என்று மருத்துவரே எழுதாதபோது, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65-வது பிரிவில் இழப்பீடு கேட்டு நிற்க முடியாது. தகப்பனாக உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதை முன்னால் வைத்தால் வழக்கு பலவீனமாகும்.

நீங்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த உணவு கெடுதலா என்பது ஒன்று. இதை அனுமதியில்லாமல், சொல்லாமல் விற்கலாமா என்பது வேறு. இரண்டாவது கேள்விக்குச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22-வது பிரிவு, விதிமுறைகள் இடம் தந்தால் ஒழிய மரபணு மாற்றிய உணவைத் தயாரிக்கவோ, விற்கவோ, இறக்குமதி செய்யவோ கூடாது என்கிறது. அப்படிப்பட்ட உணவுப் பொட்டலத்தின் முகப்பில் மேலே 'ஜி.எம்.' என்று அச்சிட வேண்டும் என்று எடையளவு விதிகள் 2013 ஜனவரியிலிருந்து சொல்கின்றன. இந்த இரண்டுக்கும் அது விஷம் என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையே இல்லை.

ஆனால் வீடியோவில் நீங்கள் பேசியது முதல் கேள்வியைப் பற்றி. அவதூறைக் குற்றமாக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவில், சொன்னது உண்மை, அதைப் பொதுநலனுக்காகச் சொன்னேன் என்பது தற்காப்புதான். ஆனால் அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். 'மரபணு மாற்றம் இருக்கிறது' என்று மட்டும் சொல்லியிருந்தால் அதை நிரூபித்தால் போதும். 'புற்றுநோய் வரும்' என்றால் புற்றுநோய் வரும் என்றே நிரூபிக்க வேண்டும். உலகம் முழுக்க விஞ்ஞானிகள் வாதாடிக்கொண்டிருக்கிற விஷயத்தை, பெரம்பூரிலிருந்து போய் கோர்ட்டில் நீங்கள் நிலைநாட்டப் போகிறீர்களா? பி.டி. கத்தரிக்காயை 2010-ல் நிறுத்திவைத்தது மத்திய அரசின் முடிவு. அது விஷம் என்று எந்தக் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லவில்லை. மரபணு மாற்றிய கடுகு வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்டார்கள் என்றால், அதுவும் அனுமதி தந்த விதம் சரியா என்பதில்தான். அந்தத் தீர்ப்பின் பிரதியை பதில் நோட்டீஸோடு இணைக்கச் சொல்கிறீர்கள். வேண்டாம்.

ஆய்வக ரிப்போர்ட்டை நம்பித்தான் தைரியமாக இருக்கிறீர்கள். அதில் இருப்பது "35எஸ் புரோமோட்டர்: கண்டறியப்பட்டது" என்ற ஒரு வரி. எவ்வளவு என்று இல்லை, எந்த ரக மக்காச்சோளம் என்றும் இல்லை. அந்த 35எஸ், மரபணு மாற்றிய பல பயிர்களில் சேர்க்கிற, காலிஃபிளவர் மொசைக் வைரஸிலிருந்து எடுத்த மரபணுத் துண்டு. முட்டைக்கோஸ், கடுகு குடும்பத்துச் செடிகளில் அந்த வைரஸ் இயற்கையாகவே வரும். "மசாலாவில் கடுகுப் பொடி இருக்கிறதே, அதிலிருந்து வந்திருக்கலாம் அல்லவா?" என்று குறுக்கு விசாரணையில் கேட்டால் உங்கள் சாட்சி என்ன சொல்வார்? போதாக்குறைக்கு நீங்கள் கொடுத்தது பிரித்த பாக்கெட். இறக்குமதியாகும் 24 பயிர்களுக்கு 'மரபணு மாற்றம் இல்லை' என்ற சான்றிதழ் கேட்டு, மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2020 ஆகஸ்டில் போட்ட உத்தரவில் 1 சதவீதம் வரை தற்செயல் கலப்புக்கு விலக்கு இருக்கிறது. அந்த உத்தரவு பொட்டலச் சிப்ஸுக்குப் பொருந்தாது என்று ஒரு பக்கம் வாதாடுவார்கள், பொருந்தினாலும் 1 சதவீதத்துக்குள்தான் என்று இன்னொரு பக்கம். அளவு இல்லாத ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு இரண்டுக்கும் உங்களால் பதில் சொல்ல முடியாது. 2021 நவம்பரில் வந்த லேபிள் வரைவு விதிகளையும் காட்டாதீர்கள். வரைவை வைத்து யாரையும் தண்டிக்க முடியாது.

இனி என் கட்சிக்காரர்கள் பலர் விழுந்த பள்ளம். நோட்டீஸ் வந்ததும் ஆத்திரத்தில் அவர்களே பதில் எழுதுவார்கள், அதையும் வீடியோவாகப் போடுவார்கள். கம்பெனி வழக்குப் போடாது என்று ஒரு நம்பிக்கை. தமிழ்நாட்டில் பணவழக்குக்கு 3 சதவீதம்தான் கோர்ட் ஃபீஸ். 50 லட்சத்துக்கு ஒன்றரை லட்சம். அது அவர்களுக்கு ஒரு செலவே இல்லை. அவர்களுக்கு வேண்டியது பணமும் அல்ல, இடைக்காலத் தடை. உங்களைக் கேட்காமலே முதல் நாளில் வாங்கிவிடலாம். சம்மனைக் கையெழுத்துப் போட்டு வாங்காமல் திருப்பி அனுப்பினால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. தடை வந்தபின் வீடியோ ஏதோ ஒரு பக்கத்தில் மீண்டும் தலைகாட்டினால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 39-வது கட்டளை 2ஏ விதியில் மனு வரும். சொத்து ஜப்தி, மூன்று மாதம் வரை சிவில் சிறை. "சிவில் கேஸ்தானே சார்" என்று வந்தவர்கள் அந்தக் கட்டத்தில்தான் முகம் வெளுத்து நிற்பார்கள். உங்கள் மைத்துனி அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை அவரும் இன்றே நீக்கட்டும்.

அதனால் வெளிப்படையாகச் சொல்கிறேன், சமாதானமாகப் போங்கள். முதலில் வீடியோவையும் அதற்கு வந்த கருத்துகளையும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு நீக்குங்கள். வக்கீல் மூலம் சுருக்கமான பதில் போகட்டும். வீடியோ நீக்கப்பட்டது, பொருளின் சட்டத்தகுதி பற்றிய உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை. இந்த இரண்டு விஷயம் போதும். 'பொய் சொன்னேன், மன்னிக்கவும்' என்று ஒரு வரி போனால் கிரிமினல் கோர்ட்டில் அதுவே ஒப்புதல் வாக்குமூலமாக வந்து நிற்கும்.

கம்பெனி தரப்பிலிருந்து ஒப்பந்த வரைவு வரும். அதில் நடுவில் ஒரு ஷரத்து ஒளிந்திருக்கும்: "இந்தப் பொருள் குறித்து எந்த அதிகாரியிடமும் புகார் அளிக்க மாட்டேன்." அதில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். பொதுநலனுக்கு எதிரான அந்த ஷரத்து சட்டப்படி நிற்காது என்பது என் கருத்து. ஆனால் கையெழுத்துப் போட்டவர் பயத்திலேயே வாயை மூடிக்கொள்கிறார், அதுதான் அவர்களுக்கு வேண்டியது. லேபிளில் உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமை உங்கள் மகளுக்கும், அந்தக் கடையில் வாங்குகிற எல்லாருக்கும் உண்டு. ஒரு நோட்டீஸுக்குப் பயந்து அதை விட்டுக்கொடுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

அந்த உரிமைக்கான வழி மாவட்ட நியமன அலுவலரிடம் கொடுக்கும் எழுத்துப் புகார். பேட்ச் நம்பர், பில் நகல், லேபிளின் போட்டோ, 'ஜி.எம்.' குறியீடு இல்லை என்ற ஒரு வாக்கியம். நோய், விஷம் எதுவும் அதில் வேண்டாம். உணவுப் பாதுகாப்பு அலுவலர் 47-வது பிரிவில் எடுக்கும் மாதிரிதான் கோர்ட்டில் நிற்கும். வீடியோ வந்த பிறகு அந்த பேட்ச் கடை அலமாரியிலிருந்து போயிருக்க வாய்ப்பு அதிகம். அதனால்தான் வீட்டுப் பாக்கெட் முக்கியமாகிறது. நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-வது பிரிவின்படி ஆணையமே அதை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். வாங்கிய நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது, ஆனால் சிப்ஸின் காலாவதித் தேதி அதற்கு வெகுமுன்பே வந்துவிடும். எனவே நோட்டீஸுக்குப் பதில் போன அதே வாரத்தில் மனுவும் தாக்கலாக வேண்டும்.