விரலுக்கு ஒரு வரைபடம்

வணக்கம்.

அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கிறேன். பார்வையற்ற மாணவி ஒருத்தி இருக்கிறாள். வரைபடப் பாடத்தில் அவளைச் சும்மா உட்கார வைக்க மனம் வரவில்லை. பாடநூல் படத்தின் மேலேயே சணல் ஒட்டிக் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, "எல்லாம் கயிறாத்தான் இருக்கு சார்" என்கிறாள். என்ன செய்யலாம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அவள் சொன்னதுதான் சரியான காரணம். அச்சும் கோடும் ஒரே சணலாக இருந்தால் எது எதுவென்று விரலுக்குத் தெரியாது. மூன்று மில்லிமீட்டருக்குள் நெருங்கும் இரண்டு கோடுகளும் ஒன்றாகிவிடும். பாடநூல் படத்தை அப்படியே பிரதி எடுக்காதீர்கள்.

30 செ.மீ. சதுரக் கார்க் பலகை போதும். ஓர் அலகுக்கு 2 செ.மீ. வைத்து, தையல் நூலால் கட்டங்கள் இழுங்கள். அச்சுகளுக்கு மட்டும் சணல். ஆதிப்புள்ளியில் ஒரு சட்டைப் பொத்தான். புள்ளிகளுக்குத் தலை உருண்ட பின்கள், கோட்டுக்கு ரப்பர் பேண்ட். விரலால் தடவிப் படிக்கும் பிரெயிலில் '−3' என்று எழுத மூன்று எழுத்துகளுக்கான இடம், ஏறக்குறைய 18 மி.மீ. பிடிக்கும். எல்லா எண்களையும் எழுதினால் நெரிசல்தான். 5, −5 மட்டும் குறித்தால் போதும், மற்றதை அவளே எண்ணிக்கொள்வாள்.

y = 2x + 1 எடுத்துக்கொள்ளுங்கள். இடக்கை பொத்தானில் இருக்கட்டும், வலக்கை நகரட்டும். (0,1), (1,3), (2,5) மூன்றிலும் அவளே பின் குத்தட்டும். முதல் பின்னுக்கும் கடைசிப் பின்னுக்கும் ரப்பர் பேண்டை மாட்டுங்கள். நடுப் பின் அதைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். தவறிப்போய் (1,4)இல் குத்தியிருந்தால் இடைவெளி விரலில் தட்டுப்படும். யாரும் சொல்லாமலே திருத்திக்கொள்வாள். வலப்புறம் ஒன்று, மேலே இரண்டு என்று படியேறும்போது சாய்வு என்பது அவளுக்கு வெறும் சூத்திரமாக இருக்காது. இந்தப் பலகையைப் பார்வையுள்ள பிள்ளைகளுக்கும் கொடுங்கள், அவர்களுக்கும் இது தேவை.

முள்சக்கரம் (விளிம்பில் முட்கள் உள்ள சிறு சக்கரம்) வைத்துத் தாளில் கோடு எழுப்புவதானால் பின்பக்கத்தில்தான் உருட்ட வேண்டும். அப்போது இடம் வலமாகிவிடும். (1,3) வேண்டுமென்றால் பின்னால் (−1,3)இல் குறியுங்கள்.

வாயால் சொல்லும்போதும் கவனம் தேவை. "எக்ஸ் பிளஸ் டூ பை த்ரீ" என்றால் எது எதன் மேல்? x = 4 என்று போட்டால் ஒரு வகையில் 2 வரும், இன்னொரு வகையில் 4⅔. கணிதத்துக்கான நெமத் பிரெயிலில் பின்னம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்குத் தனிக் குறிகளே உண்டு. நீங்களும் "பின்னம் தொடக்கம், எக்ஸ் பிளஸ் டூ, கீழே த்ரீ, பின்னம் முடிவு" என்றே சொல்லுங்கள். கரும்பலகையைக் காட்டி "இதை அங்கே கொண்டு போனால்" என்பதையும் விட்டுவிடுங்கள்.