ஆறும் அணையும் பிடித்த பெண்ணுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் எதற்கு?

மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம் என்கிறாள், சித்தப்பாவும் மாமாவும் அதைத் தவிர வேறெதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பயம் புரிகிறது. ஆனாலும் சொல்கிறேன், மனம் ஒட்டாத படிப்புக்கு, அதுவும் கடன் வாங்கி, அவளை அனுப்பாதீர்கள். அந்தக் கடனைச் சித்தப்பா கட்டப்போவதில்லை.

அவள் கேட்டதாக நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட கேள்வியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். சீனாவின் த்ரீ கார்ஜஸ் நீர்மின் நிலையத்தின் திறன் 22,500 மெகாவாட், பிரேசிலும் பராகுவேயும் பங்கிடும் இதாய்பூ நீர்மின் நிலையத்துக்கு 14,000 தான், அப்புறம் எப்படி உற்பத்தியில் இரண்டும் இவ்வளவு நெருங்கி நிற்கின்றன? 2016-ல் இதாய்பூ சுமார் 10,300 கோடி யூனிட் தந்தது, 2020-ல் த்ரீ கார்ஜஸ் சுமார் 11,180 கோடி. இதாய்பூ நிற்கும் பரானா ஆற்றில் ஆண்டு முழுக்க ஓரளவு சீராகத் தண்ணீர் வருகிறது, த்ரீ கார்ஜஸ் நிற்கும் யாங்சி ஆறோ கோடை மழையில் பெருகிக் குளிர்காலத்தில் வற்றுகிறது.

இந்த வித்தியாசத்தைக் கணக்கிடுவதே ஒரு தொழில். நீரியல் என்பார்கள். நார்வே உருகிய பனியை மலை நீர்த்தேக்கங்களில் பிடித்துவைத்து, தேவை கூடும் குளிர்காலத்தில் திறந்துவிடுகிறது, அதன் மின்சாரத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் இப்படி நீரிலிருந்துதான். பூட்டானிலும் மின்சாரம் நீரிலிருந்துதான், ஆனால் பெரிய தேக்கங்கள் இல்லாததால் குளிர்காலத்தில் ஆறு மெலிந்ததும் இந்தியாவிடம் வாங்குகிறது. 2024 வறட்சியில் கரீபா நீர்த்தேக்கம் வற்றியபோது சாம்பியா இருளில் தவித்தது. எவ்வளவு தண்ணீர் வரும், வெள்ளத்துக்கு எவ்வளவு இடம் விட வேண்டும், வண்டல் எத்தனை வருடத்தில் தேக்கத்தைத் தூர்க்கும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் இல்லையா? அந்த ஆளாக உங்கள் மகள் வரலாம். மழைத் தரவை வைத்து மாதிரி உருவாக்க நிரல் எழுதவும் வேண்டியிருக்கும், ஆகவே மாமாவின் கவலையும் பாதி தீரும்.

சிவில் படித்து, முதுநிலையில் நீர்வளம் எடுக்கலாம். இயற்பியல் வழியாகவும் வரலாம். வேலைகள் ஐடி அளவுக்குக் குவிந்து கிடக்காது, முதல் சம்பளமும் குறைவாக இருக்கலாம், அதை மறைக்க மாட்டேன்.

வெளிநாட்டு முதுநிலையை இப்போதே திட்டமிடாதீர்கள். நார்வேயின் ட்ரோன்ட்ஹெய்ம் நகரில் நீர்மின் திட்டங்களுக்கென்றே முதுநிலைப் படிப்பு இருப்பது உண்மை. ஆனால் நார்வேயில் படிப்பு இலவசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் 2023 முதல் கட்டணம் வாங்குகிறார்கள்.

முடிவெடுக்கும் முன் ஏதாவது ஓர் ஆற்றின் பத்து வருட நீரோட்டத் தரவை அவளிடம் கொடுத்து, வரைபடம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சலிப்பில் பாதியில் மூடிவைத்தால் எனக்கு எழுதுங்கள், வேறு வழி பேசலாம். தொடர்ந்து உட்கார்ந்துவிட்டால் சித்தப்பாவிடம் நீங்களே பேசிவிடுங்கள்.