முதல் தடவை ஸ்விட்ச் போடும் முன்: பெரிய ஏசி யூனிட்கள் பற்றிக் கேள்வி பதில்

கடைகள், அலுவலகங்கள், மருத்துவமனைகளில் புதிதாகப் பொருத்திய ஏசி யூனிட்களை முதன்முதலாக ஓட்டிக் கொடுப்பதுதான் பல வருடமாக என் வேலை. அது பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரு வேண்டுகோள்: யூனிட்டோடு வந்த கையேட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பேனலைத் திறக்கும் முன் மெயினை அணைத்து, பூட்டுப் போட்டு, கரண்ட் இல்லை என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

சார், பேக்கேஜ் யூனிட்டை (எல்லாப் பாகமும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் ஏசி) மாடியில் ஏற்றியாகிவிட்டது. நாளை காலை மெயின் கரண்ட் வரும். மதியமே ஓட்டிக் காட்டச் சொல்கிறார் கட்டிட உரிமையாளர். ஓட்டலாமா?

வேண்டாம். நாளை காலை கரண்ட் வந்தால் நாளை மறுநாள் காலை ஓட்டுங்கள்.

நின்றுபோன யூனிட்டில் கேஸ், அதாவது குளிர்விக்கும் ரெஃப்ரிஜிரன்ட், ஓரிடத்தில் சும்மா இருக்காது. எங்கே குளிர்ச்சியோ அங்கே போய்த் தங்கும், ஆயிலோடும் கலக்கும். கேஸை அமுக்கித் தள்ளும் கம்ப்ரசரின் அடியில் ஆயில் இருக்கிறது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த யூனிட்டில் அந்த ஆயில் முழுக்க கேஸ் ஊறிப்போயிருக்கும். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் உள்ளே அழுத்தம் சட்டென்று குறையும், சோடா பாட்டிலைத் திறந்தது போல ஆயில் நுரைத்துப் பொங்கும். நுரை ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. ஆயிலில் பாதி பைப்புக்குள் போய்விடும். திரவமாக உள்ளே வரும் கேஸைக் கம்ப்ரசரால் அமுக்கவும் முடியாது. முதல் ஒரு நிமிடத்திலேயே அதன் ஆயுளில் பெரும்பகுதி போய்விடும்.

இதைத் தடுக்கத்தான் கிராங்க்கேஸ் ஹீட்டர். கம்ப்ரசரின் அடிப்பாகத்தைச் சூடாக வைத்து, ஆயிலில் இருக்கும் கேஸை வெளியேற்றும். பொதுவாக 24 மணி நேரம் கேட்பார்கள். ஒரே வெளி யூனிட் பல உள் யூனிட்களை ஓட்டும் விஆர்எஃப் வகைகளில் 6 மணி, 12 மணி என்று தயாரிப்பாளருக்குத் தக்கபடி மாறும். தெர்மோஸ்டாட்டை ஆஃபில் வைத்துவிட்டு, மெயினை ஆன் செய்யுங்கள். ஹீட்டர் உண்மையாகவே வேலை செய்கிறதா என்று கிளாம்ப் மீட்டரில் பார்த்துவிடுங்கள். மறுநாள் கம்ப்ரசரின் அடிப்பாகம் சுற்றுப்புறத்தைவிடத் தெளிவாக வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஹீட்டரே இல்லாத சிறிய மாடல்களும் உண்டு, அவற்றுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வேலைக்கு வந்த புதிதில் ஒரு திறப்பு விழாவுக்காக இரண்டே மணி நேரத்தில் ஒரு யூனிட்டை ஓட்டினேன். விழா நன்றாக நடந்தது. நான்காவது மாதம் கம்ப்ரசர் சிக்கி நின்றது. திறந்து பார்த்தபோது பேரிங் தேய்ந்து கிடந்தது. அவசரப்படுத்தியது யாராக இருந்தாலும் ஸ்விட்ச் போட்ட கை என்னுடையது. அன்றிலிருந்து இந்த 24 மணி நேரத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை.

அண்ணா, ஃபேஸ் மாறியிருந்தால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும், அதைப் பார்த்தாலே போதும் என்று கற்றுக்கொண்டேன். எங்கள் யூனிட்டில் ப்ளோவர் (அறைக்குக் காற்றைத் தள்ளும் ஃபேன்) சரியாகத்தான் சுற்றுகிறது. ஆனால் ஸ்க்ரோல் கம்ப்ரசர் கடகடவென்று சத்தம் போடுகிறது, குளிரவும் இல்லை. கம்ப்ரசர் போய்விட்டதா?

பயப்படாதீர்கள் தம்பி, உடனே நிறுத்தியிருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. கம்ப்ரசர் எதிர்ப்பக்கம் சுற்றியிருக்கிறது.

நீங்கள் கற்றது பழைய யூனிட்டுக்குச் சரி. இப்போது பல யூனிட்களில் ப்ளோவரை விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) ஓட்டுகிறது. விஎஃப்டி வருகிற கரண்டை முதலில் டிசியாக மாற்றி, பிறகு தன் விருப்பப்படி மூன்று ஃபேஸை உருவாக்கிக்கொள்கிறது. அதனால் உள்ளே எந்த வரிசையில் கொடுத்தாலும் ப்ளோவர் ஒரே பக்கம்தான் சுற்றும். சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சர் ஃபேன் சிங்கிள் ஃபேஸாக இருந்தால் அதுவும் எதையும் காட்டிக்கொடுக்காது. கம்ப்ரசர் மட்டும்தான் மாட்டிக்கொள்ளும். ஆகவே ஃபேஸ் வரிசை காட்டும் மீட்டரை மெயினில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

மீட்டர் கையில் இல்லாமல் ஓட்டிவிட்டால் கேஜைப் பாருங்கள். சரியாகச் சுற்றினால் சில விநாடிகளில் சக்ஷன் (கம்ப்ரசர் இழுக்கும் பக்கத்து அழுத்தம்) இறங்கும், டிஸ்சார்ஜ் (தள்ளும் பக்கத்து அழுத்தம்) ஏறும். இரண்டும் அசையாமல் நின்று, ஆம்ப்ஸும் குறைவாக இருந்தால் தலைகீழ்தான். மெயினை அணைத்து, யூனிட்டுக்குள் வரும் கேபிளில் ஏதாவது இரண்டு ஃபேஸை இடம் மாற்றுங்கள். கம்ப்ரசர் டெர்மினலில் மாற்றாதீர்கள். உள்ளே இருக்கும் மோட்டார்கள் எல்லாம் ஒரே வரிசைக்குத்தான் கம்பெனியில் இணைக்கப்பட்டிருக்கும்.

இன்னொன்று. விஎஃப்டி இல்லாத பெல்ட் ப்ளோவர் எதிர்ப்பக்கம் சுற்றினாலும் காற்று வரும், ஆனால் மிகவும் குறைவாக வரும். டக்டின் வாயில் கையை வைத்துப் பார்த்து "காற்று வருகிறது, சரிதான்" என்று போய்விடாதீர்கள். ஹவுசிங்கில் அம்புக்குறி இருக்கும், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்று ஃபேஸிலும் 400, 410, 420 வோல்ட் காட்டுகிறது. எல்லாமே நேம்பிளேட் அளவுக்குள்தான். பிரச்சினை இல்லையே?

இருக்கிறது. சராசரி 410. அதிலிருந்து அதிகபட்ச விலகல் 10. பத்தை 410ஆல் வகுத்தால் சுமார் 2.4 விழுக்காடு. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 2 விழுக்காட்டுக்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை. இந்த விலகலை வர்க்கப்படுத்தி இரண்டால் பெருக்கினால், மோட்டாரின் சூடு எத்தனை விழுக்காடு கூடும் என்று தோராயமாகத் தெரியும். உங்கள் கணக்கில் அது ஏறக்குறைய 12. சிறிய வித்தியாசம் பெரிய சூடாக மாறுவதைப் பாருங்கள்.

முதலில் லூஸ் இணைப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். லாரியில் குலுங்கி வந்த யூனிட்டில் கான்டாக்டர் ஸ்க்ரூக்கள் தளர்ந்திருப்பது சர்வசாதாரணம். எல்லா டெர்மினலையும் ஒருமுறை முறுக்கிவிடுங்கள். பிறகு கட்டிடத்தின் சிங்கிள் ஃபேஸ் லோடுகள் ஒரே ஃபேஸில் குவிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அதுவும் இல்லை என்றால் மின்சாரம் கொடுப்பவரைக் கூப்பிட வேண்டியதுதான்.

கம்ப்ரசர் காலில் இருக்கும் போல்ட்களைக் கழற்ற வேண்டுமா, தளர்த்தினால் போதுமா?

மாடலைப் பொறுத்தது. சிலவற்றில் தளர்த்த வேண்டும், சிலவற்றில் தொடவே கூடாது. ஆனால் ஸ்பிரிங் மேல் நிற்கும் ஃபேன் என்றால், பயணத்துக்காகப் போட்ட தாங்கிகளை அவசியம் கழற்றுங்கள். விட்டால் கட்டிடமே அதிரும்.

சார், டிரெய்ன் பைப்புக்கு ட்ராப் (தண்ணீர் தேங்கி நிற்கும் U வளைவு) எதற்கு? தண்ணீர் தானாகக் கீழே போகாதா?

போகாது. காற்றைக் குளிர்விக்கும் காயிலுக்குப் பின்னால் இருந்து ஃபேன் இழுக்கும் யூனிட்டில், டிரெய்ன் ட்ரே இருக்கும் இடம் உறிஞ்சும் பக்கம். ட்ராப் இல்லை என்றால் பைப் வழியாக வெளிக்காற்று உள்ளே பாயும்; தண்ணீர் அந்தக் காற்றை எதிர்த்து இறங்க முடியாமல் ட்ரேயில் ஏறும், ப்ளோவரில் தெறிக்கும், கடைசியில் சீலிங்கில் ஒழுகும். ஃபேனை நிறுத்தியதும் தண்ணீர் சமர்த்தாக வடிந்துவிடும். அதனால்தான் பலரும் காரணம் தெரியாமல் அடைப்பு என்று நினைத்துப் பைப்பை ஊதிக்கொண்டே இருக்கிறார்கள்.

250 பாஸ்கல் உறிஞ்சும் விசை ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் தண்ணீரைத் தூக்கும். 500 பாஸ்கல் என்றால் 50. ட்ரேயின் வாயிலிருந்து ட்ராப் வெளியேறும் மட்டம் வரை உள்ள இறக்கம் இந்த அளவைவிட 25 மில்லிமீட்டராவது கூடுதலாக இருக்கட்டும். ஃபில்டர் அடைத்துப்போகும்போது உறிஞ்சும் விசை இன்னும் கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அப்புறம் ஸ்டார்ட் செய்யும் நாளில் பலரும் மறப்பது ஒன்று: ட்ராப்பில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். காலி ட்ராப் இருந்தும் இல்லாதது போலத்தான்.

உள் அலங்கார வேலை இன்னும் முடியவில்லை. பெயிண்ட் சீக்கிரம் காய ஏசியை ஓட்டிக் கொடுங்கள் என்கிறார்கள். நான் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். என்ன சொல்வது?

முடியாது என்று சொல்லுங்கள். உப்புத்தாள் தேய்த்த தூசியும் ஜிப்சம் பொடியும் ஈரமான காயிலில் போய்ப் படிந்தால் பசை போல ஒட்டிக்கொள்ளும். அந்தக் காயில் பிறகு ஒருபோதும் புதுக் காயிலாகாது. தவிர்க்கவே முடியாது என்றால், ரிட்டர்ன் வாய்கள் எல்லாவற்றிலும் தற்காலிக ஃபில்டர் கட்டி, யூனிட்டுக்குள்ளும் ஃபில்டர் போட்டு, தினமும் பார்த்து மாற்ற வேண்டும். ஒப்படைக்கும் நாளில் எல்லாம் புதுசாக இருக்க வேண்டும். இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டக்டபிள் ஸ்ப்லிட் (டக்ட் வழியே காற்று விடும் ஸ்ப்லிட் ஏசி) ஒன்றின் பைப்பிலிருந்து காற்றையும் ஈரத்தையும் இழுக்க அரை மணி நேரம் வேக்யூம் போட்டேன். போதுமா அண்ணா?

வேக்யூமுக்கு நேரம் அளவுகோல் ஆகாது. உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தத்தைக் காட்டும் மைக்ரான் கேஜ்தான் அளவுகோல். 500 மைக்ரானுக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்கியதும் வால்வை மூடிப் பம்பைத் தனியே பிரித்துவிட்டுக் கேஜைப் பார்த்துக்கொண்டிருங்கள். கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் லீக். கேஜைப் பம்ப் அருகில் மாட்டாமல், பம்பிலிருந்து தூரமான இடத்தில் மாட்டுங்கள். பம்ப் பக்கம் எப்போதும் நல்ல கணக்குத்தான் காட்டும்.

ஆர்-410ஏ கேஸ் யூனிட்களில் வரும் பிஓஇ என்ற செயற்கை ஆயில் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பிறகு வேக்யூமாலும் அதைப் பிரிக்க முடியாது, அமிலம்தான் உண்டாகும். ஆகவே பைப் முனைகளைத் திறந்து போடாதீர்கள்.

வேக்யூமுக்கு முன்பு லீக் பார்க்க ரெகுலேட்டர் வைத்த நைட்ரஜன் மட்டும். கையில் ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கிறதே என்று அதைத் தொட்டுவிடாதீர்கள் தம்பி. ஆயிலும் ஆக்ஸிஜனும் அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும். உயிர் போன வேலை அது. வேக்யூமில் இருக்கும்போது கம்ப்ரசரை ஓட்டவும் கூடாது, இன்சுலேஷன் சோதிக்கும் மெகர் மீட்டரை வைக்கவும் கூடாது. உள்ளே டெர்மினல்களுக்கு நடுவே தீப்பொறி பாய்ந்து வைண்டிங் எரிந்துவிடும்.

ஆர்-410ஏ யூனிட்டில் சக்ஷன் 118 பிஎஸ்ஐ வந்தால் கேஸ் சரி என்று எடுத்துக்கொள்ளலாமா?

118 பிஎஸ்ஐ என்றால் காயிலுக்குள் கேஸ் சுமார் 4.5 டிகிரியில் கொதிக்கிறது என்று மட்டும் பொருள். கேஸ் கூடவா குறைவா என்பது அதில் இல்லை. ஃபில்டர் அடைத்திருந்தாலும் சக்ஷன் குறையும், கேஸ் குறைந்தாலும் குறையும்.

முதலில் காற்றைச் சரி செய்யுங்கள். ஒரு டன் குளிர்விக்கும் திறனுக்குச் சுமார் 400 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 400 கன அடி காற்று). டக்டில் காற்றைத் திறந்து மூடும் டேம்பர்கள் திறந்திருக்கட்டும், பெல்ட் இழுப்பு சரியாக இருக்கட்டும். பிறகு 15, 20 நிமிடம் ஓடவிட்டு, காயிலுக்குப் போகும் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வ் உள்ள யூனிட் என்றால் சப்கூலிங் (திரவமான கேஸ், அந்த அழுத்தத்துக்குரிய வெப்பநிலையைவிட எத்தனை டிகிரி குளிர்ந்திருக்கிறது என்ற அளவு) பாருங்கள். லிக்விட் பக்கம் 418 பிஎஸ்ஐ இருந்தால் அதற்குரிய வெப்பநிலை சுமார் 49 டிகிரி. பைப்பில் 43 காட்டினால் சப்கூலிங் 6. நேம்பிளேட்டில் போட்டிருப்பதோடு ஒப்பிடுங்கள். நிறைய சைட்களில் காற்று போதாத குறைக்குக் கேஸ் ஏற்றி வைத்திருப்பதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும்.

தண்ணீரைக் குளிர்வித்து அனுப்பும் சில்லருக்கு இதெல்லாம் அப்படியேவா?

பெரும்பாலும். கூடுதலாகத் தண்ணீர். பைப்பைக் கழுவி, ஸ்ட்ரெய்னரைச் சுத்தம் செய்து, காற்றை வெளியேற்றி, தண்ணீர் ஓட்டம் நின்றால் கம்ப்ரசரை நிறுத்தும் ஃப்ளோ ஸ்விட்ச் உண்மையாகவே வெட்டுகிறதா என்று பம்பை நிறுத்திப் பாருங்கள். அந்த ஸ்விட்ச் வேலை செய்யாதபடி யாராவது ஜம்பர் (குறுக்கு வயர்) போட்டு வைத்திருந்தால் அந்த வயரை எடுத்தெறியுங்கள். ஓட்டம் இல்லாமல் கம்ப்ரசர் ஓடினால் டியூப் உறைந்து வெடிக்கும், தண்ணீர் கேஸ் பக்கம் போய்விடும்.

ஓட்டிய மூன்றாவது நிமிடம் ஹை பிரஷரில் ட்ரிப் ஆனது. நான்கு தடவை ரீசெட் செய்தேன். ஒவ்வொரு முறையும் அதேதான்.

ஐந்தாவது முறை வேண்டாம். கண்டென்சர் காயிலில் பயணத்துக்காகச் சுற்றிய பிளாஸ்டிக் இன்னும் இருக்கிறதா? கண்டென்சர் ஃபேன் சுற்றுகிறதா, காற்றை எந்தப் பக்கம் தள்ளுகிறது? சர்வீஸ் வால்வுகள் முழுக்கத் திறந்திருக்கின்றனவா? இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் உள்ளே காற்று கலந்திருக்கிறதா, கேஸ் அதிகமா என்ற சந்தேகத்துக்குப் போங்கள். மறுபடி ஓட்டும்போது 5 நிமிட இடைவெளி டைமர் முடியும் வரை காத்திருங்கள், அதைப் பைபாஸ் செய்யாதீர்கள்.

எல்லாம் சரியாகி யூனிட் சீராக ஓடத் தொடங்கியதும் மூன்று ஃபேஸ் வோல்ட், ஒவ்வொரு மோட்டாரின் ஆம்ப்ஸ், இரு பக்க அழுத்தம், சப்கூலிங், காற்று உள்ளே போகும் வெப்பநிலை, வெளியே வரும் வெப்பநிலை, அன்றைய வெளி வெப்பநிலை எல்லாவற்றையும் எழுதி, ஒரு நகலைப் பேனல் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். மூன்று வருடம் கழித்து அங்கே வரப்போகும் மெக்கானிக்குக் கிடைக்கும் ஒரே துணை அந்தத் தாள்தான். பெல்ட் ப்ளோவராக இருந்தால் ஒன்றிரண்டு நாளில் திரும்பப் போங்கள். புது பெல்ட் அதற்குள் நீண்டு தளர்ந்திருக்கும், இழுத்துவிட வேண்டும்.