பட்டனைத் தட்டினால் படம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: லேப்டாப்பில் போட்டோ பூத் மென்பொருள் ஓடுகிறது. விருந்தினர்கள் திரையைத் தொடாமல், பெரிய பட்டன் ஒன்றை அமுக்கியே படம் எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மென்பொருளின் செட்டிங்ஸிலிருந்து. படமெடுக்க, அச்சிட, ரத்துசெய்ய எந்தெந்த விசை என்று முதலில் பாருங்கள். சாதாரண கீபோர்டில் அவற்றைத் தட்டிச் சோதியுங்கள். மென்பொருளுக்குப் பட்டன் என்று ஒன்று இருப்பதே தெரியாது. யாரோ கீபோர்டில் விசையைத் தட்டுகிறார்கள் என்றுதான் அது நம்பும். அந்தப் பொய்யைப் பிசகில்லாமல் சொல்வதுதான் நம் வேலை.

அதற்கு, நாமே நிரல் எழுதி ஏற்றக்கூடிய சிறிய மின்னணு போர்டுகளான ஆர்டுயினோ லியோனார்டோ அல்லது புரோ மைக்ரோ போதும். இரண்டிலும் உள்ள ஏடிமெகா 32யூ4 சில்லு, யூஎஸ்பி கீபோர்டாகவே கணினியிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். ஆர்டுயினோவின் இன்னொரு வகையான ஊனோ ஆர்3 போர்டின் முதன்மைச் சில்லுக்கு அந்தத் திறன் இல்லை, வாங்கிவிடாதீர்கள். விளையாட்டு இயந்திரப் பட்டன்களைக் கணினியோடு இணைக்க மலிவாகக் கிடைக்கும் ஆர்கேட் என்கோடர் போர்டுகளில் பல கீபோர்டாக அல்ல, ஜாய்ஸ்டிக்காகவே தெரியும். அப்போது ஜாய்ஸ்டிக் அசைவை விசையாக மாற்ற இன்னொரு மென்பொருள் வேண்டியிருக்கும்.

பட்டனுக்கு அடியில் உள்ள மைக்ரோ ஸ்விட்சில் மூன்று கால்கள் இருக்கும். 'காமன்' (பொது) காலை போர்டின் கிரவுண்டுக்கும், அமுக்கினால் மட்டுமே அதோடு இணையும் 'நார்மலி ஓப்பன்' காலை போர்டின் 2ஆம் பின்னுக்கும் (இணைப்பு முனை) கொடுங்கள். நிரலில் அந்தப் பின்னை 'இன்புட் புல்லப்' என்று அறிவித்தால், பின்னை 'ஹை'யில் பிடித்துவைக்கும் ரெசிஸ்டர் போர்டுக்குள்ளேயே இயங்கும்; தனி ரெசிஸ்டர் தேவையில்லை. அமுக்காதபோது 'ஹை' (மின்னழுத்தம் உண்டு), அமுக்கினால் 'லோ' (இல்லை) என்று தலைகீழாக வரும், அதுதான் சரி. தவறிப்போய் 'நார்மலி குளோஸ்டு' காலில் இணைத்தால், யாரும் தொடாதபோதே அமுக்கியதாகக் காட்டும்.

நிரல் எழுதும்போது மூன்று விஷயங்கள். ஒன்று, உலோகத் தொடர்பு சில மில்லிசெகண்டுகள் துள்ளும். ஒரே தட்டு நாலைந்தாக எண்ணப்படும். 30 மில்லிசெகண்ட் தொடர்ந்து 'லோ'வாக இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டு, 'லோ'வாக இருக்கும்வரை விசையை அனுப்பிக்கொண்டே இருக்காமல், ஹையிலிருந்து லோவுக்கு மாறும் கணத்தில் ஒரே ஒரு முறை அனுப்புங்கள். மூன்று, பூட்டு நேரம். குழந்தைகள் பட்டனைப் பறை மாதிரி அடிப்பார்கள். கவுன்ட் டவுன் 5 விநாடி, பிறகு 3 விநாடி இடைவெளியில் நான்கு படம் என்றால் மொத்தம் 14 விநாடி ஆகும். 15 விநாடிக்கு அடுத்த தட்டு எதையும் பொருட்படுத்தாதீர்கள்.

கேள்வி: அச்சிட 'கன்ட்ரோல் + பி' அனுப்புகிறேன். சில சமயம் ஒன்றுமே நடப்பதில்லை. சில சமயம் அதற்குப் பிறகு கீபோர்டே கிறுக்குப் பிடித்தது போல் ஆகிவிடுகிறது.

பதில்: கன்ட்ரோல் விசை விடப்படாமல் அப்படியே நிற்கிறது. 'பிரஸ்' கட்டளை விசையை அமுக்கும், விடாது. கன்ட்ரோலை அமுக்கு, எழுத்தை அமுக்கு, 50 மில்லிசெகண்ட் பொறு, 'ரிலீஸ் ஆல்' கொடு: இந்த வரிசை மாறக்கூடாது. கடைசி வரியை விட்டுவிட்டால், அடுத்து வரும் என்டர் கூட 'கன்ட்ரோல் + என்டர்' ஆகிவிடும்.

ஒன்றுமே நடக்காததற்கு, நிரலில் பெரிய எழுத்து 'பி' போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஆர்டுயினோவின் கீபோர்டு லைப்ரரி பெரிய எழுத்துக்கு ஷிப்ட்டையும் தானே சேர்த்துக்கொள்ளும். அங்கே போய்ச் சேருவது 'கன்ட்ரோல் + ஷிப்ட் + பி'. சின்ன எழுத்தையே கொடுங்கள்.

எழுத்து விசைகளையே தவிர்ப்பது இன்னும் நல்லது. கணினியில் தமிழ்99 விழித்திருந்தால், நீங்கள் அனுப்பும் எழுத்து தமிழ் எழுத்தாகிவிடும். பெரும்பாலான கீபோர்டுகளில் இல்லாத, ஆனால் விண்டோஸ் புரிந்துகொள்கிற எஃப்13 முதல் எஃப்24 வரையிலான விசைகள் இதற்கென்றே பிறந்தவை போல. வேறு எதோடும் மோதாது. பட்டன் எஃப்13 அனுப்பட்டும்; அதை மென்பொருள் கேட்கும் விசைச் சேர்க்கையாக, விண்டோஸில் விசைகளை மாற்றியமைக்கும் ஆட்டோஹாட்கீ என்ற மென்பொருள் மாற்றட்டும். நாளை மென்பொருளை மாற்றினாலும் ஒரு வரியைத் திருத்தினால் போதும், போர்டைத் தொட வேண்டியதில்லை.

கேள்வி: வீட்டில் சோதித்தபோது நன்றாக வேலை செய்தது. நிகழ்ச்சி நடுவில் பட்டன் செத்துவிட்டது. மவுசால் திரையைக் கிளிக் செய்ததும் உயிர் வந்தது.

பதில்: பட்டன் சாகவில்லை, விசை வேறு ஜன்னலுக்குப் போயிருக்கிறது. கீபோர்டு தட்டல் எப்போதும் அந்த நேரத்தில் முன்னால் இருக்கும் ஜன்னலுக்குத்தான் சேரும். பிரின்டரில் தாள் தீர்ந்ததென்று ஓர் அறிவிப்புப் பெட்டி எட்டிப் பார்த்திருந்தால் அதற்குப் போயிருக்கும். ஆட்டோஹாட்கீ நிரலில் விசையை அனுப்புமுன் பூத் ஜன்னலை முன்னுக்குக் கொண்டுவரும் 'வின் ஆக்டிவேட்' வரியைச் சேருங்கள். பூத் மென்பொருள் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடினால் ஆட்டோஹாட்கீயும் அப்படியே ஓட வேண்டும்; இல்லாவிட்டால் விண்டோஸ் அந்த விசையை உள்ளே விடாது.

விண்டோஸ் அறிவிப்புகளை மொத்தமாக அணையுங்கள். பவர் ஆப்ஷன்ஸில், சும்மா இருக்கும் யூஎஸ்பி சாதனத்தைத் தூங்கவைக்கும் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதையும் நிறுத்துங்கள். பட்டனுக்கு ஷிப்ட் விசையை மட்டும் தனியாக ஒதுக்காதீர்கள்: ஐந்து முறை தட்டினால் 'ஸ்டிக்கி கீஸ்' பெட்டி திரையில் வந்து நிற்கும்.

கேள்வி: செட்டிங்ஸைத் திறக்க எனக்கு மட்டும் தெரிந்த ஒரு வழி வேண்டும். தனிப் பட்டன் வைக்க இடமில்லை.

பதில்: இருக்கும் இரண்டு பட்டன்களையும் சேர்த்து 3 விநாடி அமுக்கிப் பிடித்தால் திறக்கட்டும். ஆனால் இரண்டு விரல்கள் ஒரே கணத்தில் இறங்காது. முன்னால் இறங்கியது படத்தை எடுத்துவிடும். எனவே அமுக்கும்போது அல்ல, விடும்போது செயல்படுமாறு நிரலை மாற்றுங்கள். இரண்டும் சேர்ந்து அமுங்கியதாகத் தெரிந்தால் தனித்தனிச் செயல்கள் இரண்டையும் ரத்து செய்துவிட வேண்டும், விட்ட பிறகும். விருந்தினர் கையில் படும் எதற்கும், மென்பொருளையே மூடிவிடும் 'ஆல்ட் + எஃப்4' வேண்டாம்.

கேள்வி: பட்டன் கணினியிலிருந்து 8 மீட்டர் தள்ளி இருக்கிறது. ஃபிளாஷ் அடிக்கும்போதெல்லாம் தானாகப் படம் எடுக்கிறது.

பதில்: யூஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டரைத் தாண்டக்கூடாது. போர்டைக் கணினி அருகில் வைத்து, பட்டனின் இரண்டு ஒயரை மட்டும் நீட்டியது சரிதான். ஆனால் நீண்ட ஒயர் ஆன்டெனா ஆகிவிட்டது. போர்டுக்குள் இருக்கும் புல்லப் ரெசிஸ்டர் 20 கிலோ ஓமுக்கு மேல், அது பலவீனம். 5 வோல்ட்டுக்கும் பின்னுக்கும் இடையில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், இரண்டையும் போர்டுக்கு அருகிலேயே வையுங்கள். ஒயர்களை முறுக்கி ஜோடியாக இழுங்கள், ஃபிளாஷின் மின் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

கேள்வி: நிரலில் ஏதோ தவறு. போர்டைச் சொருகியதும் என்டராக அடித்துத் தள்ளுகிறது. புதிய நிரலை ஏற்றவே முடியவில்லை.

பதில்: புரோ மைக்ரோவில் ரீசெட்டை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் சுமார் 8 விநாடி பூட்லோடரில் (புதிய நிரலை ஏற்றிக்கொள்ளும் நிலையில்) நிற்கும், எதையும் தட்டாது. அந்த இடைவெளியில் ஏற்றிவிடுங்கள். இனிமேல் நிரலின் தொடக்கத்திலேயே ஒரு காவல் வையுங்கள்: 3ஆம் பின் கிரவுண்டோடு இணைந்திருந்தால் கீபோர்டு வேலையே தொடங்கக்கூடாது.

கேள்வி: என்னுடைய பூத் லேப்டாப்பில் அல்ல, ராஸ்பெரி பை என்ற சிறிய லினக்ஸ் கணினியில் ஓடுகிறது. இதற்கும் ஆர்டுயினோ வேண்டுமா?

பதில்: வேண்டாம். கான்ஃபிக் கோப்பில், ஒரு ஜிபிஐஓ பின்னை (பையின் இணைப்பு முனை) கீபோர்டு விசையாக்கும் 'ஜிபிஐஓ-கீ' ஓவர்லே என்ற அமைப்பைச் சேர்த்து, ஜிபிஐஓ எண் 17, கீகோட் 28 என்று கொடுத்து ரீபூட் செய்யுங்கள். லினக்ஸில் 28 என்றால் என்டர். பட்டனை ஜிபிஐஓ 17 அமைந்துள்ள 11ஆம் காலுக்கும் ஒரு கிரவுண்டுக்கும் இடையில் இணைத்தால் தீர்ந்தது. பட்டனுக்குள் விளக்கு இருந்தால் அதன் ஒயர்களைத் தனியே பிரித்து வையுங்கள். பையின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மட்டுமே, 5 வோல்ட் பட்டாலே போச்சு.